பார்சல் கொண்டுவந்தவர் கைநீட்டினால்: மலையக மக்களுக்கான சட்ட வழிகள்

தோட்டப்புறங்களில் இப்போது கைத்தொலைபேசியில் பொருள் பார்த்து, பார்சல் வந்ததும் பணம் கொடுத்து வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. நகரத்தில் வீட்டு வாசலுக்கு வரும் பார்சல், இங்கே பெரும்பாலும் வாசல்வரை வருவதில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, ஏறும் கல்ரோட்டைப் பார்த்ததும் கொண்டுவருபவர் பிரதான வீதியிலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் அழைப்பார். பொருளை வாங்குபவர் மலையிலிருந்து இறங்கிப் போக வேண்டியிருக்கும். கொண்டுவருபவருக்கோ இன்னும் பத்துப் பார்சல்கள் காத்திருக்கும். பிந்தினால் அவர் வருமானத்தில்தான் கை வைப்பார்கள். இறங்கி வந்தவருக்கோ பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க மனம் வராது. இந்த இடத்தில் பிறக்கும் வாக்குவாதம் அநேகமாக வார்த்தைகளோடு அடங்கிவிடும். எப்போதாவது அது அடியாகவும் தள்ளுமுள்ளாகவும் மாறும். கொண்டுவருபவரின் வேலைப்பளு எனக்கு விளங்குகிறது. ஆனால் எந்த வேலைப்பளுவும் இன்னொருவர் மீது கைநீட்டும் உரிமையைத் தருவதில்லை. அடிபட்டவருக்கு இலங்கைச் சட்டம் என்னென்ன வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை, சட்டம் படிக்காத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய சம்பவத்தில் மூன்று விடயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. தாக்கியவரைத் தண்டிப்பது குற்றவியல் சட்டத்தின் வேலை. அது பொலிஸ் முறைப்பாட்டில் தொடங்கி நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்லும். பட்ட காயத்துக்கும் இழந்த வருமானத்துக்கும் நட்டஈடு பெறுவது குடியியல் சட்டத்தின் வேலை. அது பொதுவாக மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. பொருளின் பணத்தைத் திரும்பப் பெறுவதும், அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதும் விநியோக நிறுவனத்தோடு பேசித் தீர்க்க வேண்டியவை. இம்மூன்றில் ஒன்றை எடுத்தால் மற்றவை கைவிட்டுப் போகா. நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்து மன்னிப்பும் கேட்டுவிட்டதால் இனிப் பொலிசுக்குப் போக முடியாது என்று பலர் நம்பி இருந்துவிடுகிறார்கள். பொருளுக்கான பணம் பொருளோடு முடிந்தது; உடைந்த பல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அடியின் விளைவைப் பொறுத்து அது குற்றத்தைத் தரம் பிரிக்கிறது. உடலில் காயமே இல்லாமல் ஒருவர் அடிக்க ஓங்கினாலோ சட்டையைப் பிடித்து இழுத்தாலோகூட அது குற்றந்தான். 343ஆம் பிரிவின் கீழ் மூன்று மாதம்வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். உடல்வலியை வேண்டுமென்றே உண்டாக்கினால் அது காயம் விளைவித்தல் ஆகும். இதற்கு இரத்தம் சிந்த வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வலியே போதும். 314ஆம் பிரிவின்படி அதற்கு ஓராண்டுவரை சிறை. கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் அதைச் செய்திருந்தால் 315ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை போகும்.

கடுங்காயம் என்பது தனி வகை. 311ஆம் பிரிவு அதைப் பட்டியலிட்டுச் சொல்கிறது. கண்பார்வையோ செவிப்புலனோ நிரந்தரமாகப் பாதிக்கப்படுதல், முகம் நிரந்தரமாக உருக்குலைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது மூட்டு விலகுதல், உயிருக்கு ஆபத்து உண்டாகுதல், காயத்தின் காரணமாக இருபது நாட்களுக்குத் தன் வழக்கமான வேலைகளைச் செய்ய இயலாமற் போகுதல் ஆகியவை அதில் அடங்கும். கடுங்காயத்துக்கு 316ஆம் பிரிவின்படி ஏழாண்டுவரையும், ஆயுதம் பயன்பட்டிருந்தால் 317ஆம் பிரிவின்படி பத்தாண்டுவரையும் சிறைத்தண்டனை உண்டு.

இந்த இருபது நாள் விதி தோட்டத் தொழிலாளருக்கு மிகவும் முக்கியமானது. தோள்பட்டையில் அடிபட்ட ஒரு பெண் கொழுந்துக் கூடையைச் சுமக்க முடியாமல் மூன்று வாரம் மலைக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வெளியே பார்ப்பவருக்கு அது ஒரு சாதாரண வீக்கம். ஆனால் அவருக்கு எத்தனை நாள் பேர் விழவில்லை (வேலைநாள் பதியவில்லை) என்பது தோட்டத்தின் செக்ரோலில், அதாவது வேலைநாட்களைப் பதியும் ஏட்டில், பதிந்திருக்கும். வைத்தியரின் அறிக்கையும் அந்தச் செக்ரோல் பதிவும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தினால், சாதாரண காயமாகக் கருதப்பட்ட ஒன்று கடுங்காயமாக எடுத்துக்கொள்ளப்பட இடமுண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குரிய அளவுகோலால் கூடை சுமப்பவரின் காயத்தை அளக்க வேண்டியதில்லை; சட்டம் கேட்பது அந்த ஆளின் வழக்கமான வேலையைப் பற்றி.

அடியோடு வேறு குற்றங்களும் சேர்ந்திருக்கலாம். "பொலிசுக்குப் போனால் வீடு தெரியும், பார்த்துக்கொள்கிறேன்" என்ற வகை மிரட்டல் 486ஆம் பிரிவின் கீழ் குற்றமுறையான பயமுறுத்தல் ஆகும். அதற்கு இரண்டாண்டுவரையும், கொலை செய்வேன் என்று மிரட்டியிருந்தால் ஏழாண்டுவரையும் சிறை. பெண் ஒருவரிடம் பாலியல் நோக்கோடு கை வைத்தாலோ அவ்வாறான வார்த்தைகளைப் பேசினாலோ அதை வெறும் தள்ளுமுள்ளு என்று எழுதவிடக் கூடாது. அது 345ஆம் பிரிவின் கீழ் ஐந்தாண்டுவரை சிறைக்குரிய பாலியல் தொந்தரவு. பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் பெண் உத்தியோகத்தரிடம் வாக்குமூலம் கொடுக்கக் கேட்கலாம். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

வழக்கு வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் நீதிமன்றத்தில் தீர்வதில்லை. சம்பவம் நடந்த அன்றும் மறுநாளும் எழுதப்படும் இரண்டு காகிதங்களில் தீர்கிறது. ஒன்று வைத்தியசாலையில் எழுதப்படுவது, மற்றது பொலிஸ் நிலையத்தில் எழுதப்படுவது. அதனால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காயம் பலமாக இருந்தால் முதலில் வைத்தியசாலைக்கே போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். 119 பொலிஸ் அவசர இலக்கம். காயம் சிறிதாயின் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்த பின் அவர்கள் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு அரச வைத்தியசாலைக்குப் போகலாம். தனியார் மருந்தகத்தில் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது பிற்பாடு பெரிய இடைஞ்சலாகும். நீதிமன்றம் எதிர்பார்ப்பது அரச வைத்திய அதிகாரியின் அறிக்கையை. டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் இதற்கான வசதி இருக்கிறது. தோட்ட மருந்தகத்தில் முதலுதவி பெற்றிருந்தாலும் அதோடு நின்றுவிடக் கூடாது.

வைத்தியர் படிவத்தில் காயம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பார்: எந்த இடத்தில், எவ்வளவு நீளம், சிராய்ப்பா, கன்றிப்போனதா, கிழிந்ததா, மழுங்கிய பொருளாலா கூரிய பொருளாலா, சாதாரணமானதா கடுமையானதா. அவர் கண்ணுக்குத் தெரிவதையும் நீங்கள் சொல்வதையும்தான் எழுத முடியும். ஆதலால் வலிக்கும் இடங்கள் அனைத்தையும் காட்ட வேண்டும். பல் ஆடினால் அதைச் சொல்ல வேண்டும், காது மந்தமாகக் கேட்டால் அதையும் சொல்ல வேண்டும். கன்றிய காயம் அன்று சிவந்து தெரிந்து மறுநாள் நீலமாகும். சில நாட்களில் மறைந்தும் விடும். தாமதித்துப் போனால் காட்டுவதற்கு எதுவும் இராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, "எப்படி நடந்தது?" என்று வைத்தியர் கேட்கும்போது சொல்லும் பதில். அவமானத்துக்கோ அச்சத்துக்கோ ஆட்பட்டு, "படியில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. அந்த வரி வைத்தியசாலைக் குறிப்பில் ஏறிவிடும். மாதங்கள் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் அந்தக் குறிப்பைக் கையில் எடுத்து, "அன்று வைத்தியரிடம் விழுந்ததாகத்தானே சொன்னீர்கள்?" என்று கேட்கும்போது, உண்மையைச் சொல்பவரே பொய்யராகத் தெரிவார். யார் அடித்தது, எதனால் அடித்தது, எங்கே வைத்து அடித்தது என்பதை முதல் தடவையே உள்ளபடி சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது வைத்தியசாலை தரும் டயக்னோசிஸ் காட் எனும் நோய் விபர அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். சட்ட வைத்திய அறிக்கை நேரே அதிகாரிகளுக்கும் நீதிமன்றத்துக்கும் செல்வது. அது உங்கள் கைக்கு வராததைக் கண்டு கலங்கத் தேவையில்லை.

இனிப் பொலிஸ் முறைப்பாடு. மலையகத்தில் நம்மவர்கள் தயங்கும் இடம் இதுதான். அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையொப்பம் போடச் சொல்வது நம் ஊர்களில் பழகிப்போன காட்சி. வாசிக்கத் தெரியாத மொழியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் கூச்சம். ஆனால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. முறைப்பாட்டை வாய்மொழியாகவும் கொடுக்கலாம், எழுத்திலும் கொடுக்கலாம். வாய்மொழியாகக் கொடுத்தால், எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அந்த மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாவிட்டால், எழுத்தில் தரும்படி முறைப்பாட்டாளரைக் கேட்க வேண்டும். அதுவும் இயலாதபோதுதான் வேறொரு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டியாக வேண்டும்.

ஆகவே மிகவும் பயனுள்ள வழி, பொலிஸ் நிலையத்துக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது. திகதி, நேரம், இடம், வந்தவரின் பெயர் தெரிந்தால் அது, தொலைபேசி இலக்கம், வண்டி இலக்கம், என்ன பேச்சு நடந்தது, எந்தக் கையால் எங்கே அடித்தார், யார் பார்த்தார்கள் என்பவற்றை நடந்த வரிசையில் எழுதி, கீழே கையொப்பமிட்டு, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மற்றதைக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவருக்குப் பாடசாலை செல்லும் பிள்ளையும் எழுதிக் கொடுக்கலாம். வார்த்தைகளை மெருகூட்டத் தேவையில்லை. ஒரு அடியை இரண்டாக்க வேண்டாம். தான் திட்டியிருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். வாசித்துக் காட்டாத எதிலும் கையொப்பமிட மறுக்கலாம். மரியாதையாகச் சொன்னால் போதும். முறைப்பாடு பதிவான இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டே வெளியே வர வேண்டும்.

ஒரு பொருளை மட்டும் எறிந்துவிடக் கூடாது: பார்சலின் மேலுறை. அதில் ஒட்டியிருக்கும் பில்லில் பார்சல் இலக்கம், அனுப்பியவர், விநியோக நிறுவனம், அறவிட வேண்டிய பணம் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். அன்று அந்தப் பாதையில் அந்தப் பார்சலை எடுத்துவந்தவர் யார் என்பதை நிறுவனம் மறுக்க முடியாதபடி காட்டுவது அந்தச் சிறு தாள்தான். அதோடு அவர் அழைத்த அழைப்புகளின் பதிவு, குறுஞ்செய்திகள், கிழிந்த அல்லது இரத்தம் பட்ட உடுப்பு ஆகியவற்றையும் கழுவாமல், அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சந்தியிலுள்ள கடையில் கெமரா இருந்தால் பொலிசிடம் அதை அன்றே சொல்ல வேண்டும். பல கெமராக்களில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும்.

அடித்தவரின் படத்தை முகநூலில் போட்டு ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்ற கோபம் நியாயமானது. இருந்தும் அதைப் பொறுத்துக்கொள்வது நல்லது. ஆளின் பெயர் தெரியாத வழக்கில் பொலிசார் நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்தக் கேட்பார்கள். படம் ஏற்கெனவே எல்லோர் கைத்தொலைபேசியிலும் சுற்றியிருந்தால், சாட்சி அந்த ஆளை அடையாளம் காட்டியது படத்தைப் பார்த்துத்தான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். படத்தைப் பொலிசிடம் கொடுங்கள். அங்கே அதற்கு மதிப்பு இருக்கிறது.

அடிபட்டவர் திருப்பி அடித்திருந்தால் என்ன ஆகும்? தாக்கியவரும் போய் எதிர் முறைப்பாடு போடுவது அடிக்கடி நடக்கிறது. தன் உடலைக் காத்துக்கொள்ளத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவையே தருகிறது. விழும் அடியைத் தடுக்கத் தள்ளியது அந்த உரிமைக்குள் வரும். அவர் வண்டியில் ஏறிப் புறப்பட்ட பின் துரத்திப்போய்க் கல்லால் அடித்தது வராது. எதிர் முறைப்பாட்டைக் கண்டு பயந்து தம் முறைப்பாட்டை மீளப்பெறுவதே பெரும்பாலும் மறுபக்கம் எதிர்பார்க்கும் விளைவு.

சமாதானப் பேச்சும் மத்தியஸ்த சபையும்

சம்பவத்துக்கு மறுநாளே சமாதானம் பேச ஆட்கள் வருவார்கள். தோட்டத் தலைவர் வரலாம், கடைக்காரர் வரலாம், பொலிஸ் நிலையத்திலேயே "கை கொடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லவும் கூடும். சமாதானம் கெட்ட காரியம் அல்ல. சிறிய காயம், உண்மையான மன்னிப்பு, செலவுக்குரிய பணம் என்று அமைந்தால் பலருக்கு அதுவே போதுமானது, நானும் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது அடிபட்டவரின் விருப்பமாக இருக்க வேண்டும். அவர் மீது சுமத்தப்படும் கடமையாக ஆகிவிடக் கூடாது. முறைப்பாட்டுப் புத்தகத்தில் "இனி எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை" என்று எழுதிக் கையொப்பமிடுமுன், காயம் முழுவதுமாகத் தெரிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்காத முறிவும், வாரம் கழித்துத் தலைகாட்டும் காது வலியும் கையொப்பத்துக்குக் காத்திருப்பதில்லை.

இதிலிருந்து வேறுபட்டது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இச்சபைக்கு, சாதாரண காயம் விளைவித்தல் உள்ளிட்ட, சட்டம் பட்டியலிட்ட சில குற்றங்கள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் கட்டாயம் வந்தாக வேண்டும். குறித்த பெறுமதிக்கு உட்பட்ட நட்டஈட்டுக் கோரிக்கைகளுக்கும் அவ்வாறே. பெரும்பாலும் வார இறுதியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் சபை கூடும், சட்டத்தரணிகள் அங்கே தோன்ற முடியாது, கட்டணம் அறவிடப்படுவதில்லை. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்லர். இருவரையும் பேசவைத்து, இணங்கினால் அதை எழுதுவது மட்டுமே அவர்களின் பணி.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். சபைக்குப் போவது கட்டாயம். அங்கே இணங்குவது கட்டாயம் அல்ல. "நான் இணங்கவில்லை" என்று சொன்னால், அல்லது எதிர்த்தரப்பு வரவே இல்லை என்றால், இணக்கம் எட்டப்படவில்லை என்ற சான்றிதழைச் சபை வழங்கும். அதுவே நீதிமன்றக் கதவைத் திறக்கும் தாள். அழைப்புக் கடிதம் வந்தும் முறைப்பாட்டாளரே போகாமல் விட்டால் அந்தத் தாள் கிடைப்பது சிக்கலாகிவிடும் என்பதால், ஒருநாள் பேர் போனாலும் போயே ஆக வேண்டும். இணங்குவதாக இருந்தால் எவ்வளவு பணம், எந்தத் திகதிக்குள், யார் கையில் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இணக்கம் எழுதப்பட்ட பின் அதே அடிக்காக மீண்டும் குற்றவியல் வழக்குக்குப் போக முடியாது என்பதையும் மனதில் வைத்தே கையொப்பமிட வேண்டும்.

நீதவான் நீதிமன்றத்தில்

வழக்கை நடத்துவது பொலிசார். முறைப்பாட்டாளர் அங்கே சாட்சி. தனக்கென ஒரு சட்டத்தரணியை அமர்த்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் பாதிக்கப்பட்டவர் சார்பில் ஒருவர் தோன்றி வழக்கைக் கவனிக்கலாம். மலையக நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில் பதிவாகின்றன. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்றம் பயன்படுத்தும் மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு உதவியை உரிமையாகத் தருகிறது. விளங்காமல் தலையாட்டுவதைவிட, "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது எந்த வகையிலும் மரியாதைக் குறைவு ஆகாது. குற்றவாளி என்று தீர்ந்தால், தண்டனையோடு சேர்த்துப் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதவான் கட்டளையிடலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. கேட்காதவருக்கு அது கிடைக்காமலும் போகலாம் என்பதால், வைத்தியச் செலவுப் பற்றுச்சீட்டுகளையும் இழந்த நாட்சம்பளத்தின் விபரத்தையும் வழக்கை நடத்தும் உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும்.

தாக்கியவருக்கு வீடும் தொலைபேசி இலக்கமும் தெரியும் என்பது இவ்வகை வழக்குகளுக்கே உரிய அச்சம். முறைப்பாட்டாளரையோ சாட்சியையோ மிரட்டுவது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. மிரட்டல் அழைப்பு வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, குறுஞ்செய்தியாயின் அழிக்காமல், அதற்கென இன்னொரு முறைப்பாடு செய்ய வேண்டும்.

பொலிசார் முறைப்பாட்டையே எடுக்க மறுத்தால், நிலையப் பொறுப்பதிகாரியைச் சந்திக்கலாம். அதிலும் பயனில்லையெனில் அப்பகுதி உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கோ பதிவுத் தபாலில் எழுதலாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். தமிழர் என்பதாலோ தோட்டத்தவர் என்பதாலோ புறக்கணிக்கப்பட்டதாகக் கருதினால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அங்கே ஒரு மாதத்துக்குள் முறையிடுவது முக்கியம், ஏனெனில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடுவதற்கான காலமும் ஒரு மாதந்தான். இவற்றுக்கு அப்பால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவின் கீழ் ஒரு சட்டத்தரணியின் மூலம் நீதவானிடம் நேரடியாகவே முறைப்பாடு தாக்கல் செய்யும் வழியும் உண்டு. மத்தியஸ்த சபைக்குரிய குற்றமாயின் அதற்கும் அந்தச் சான்றிதழ் தேவைப்படும்.

நிறுவனத்தின் பொறுப்பு

அடித்தவரிடம் பணம் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது. ஆகவே நிறுவனத்திடம் நட்டஈடு கேட்கலாமா என்பது இயல்பாக எழும் கேள்வி. குடியியல் தவறுகளில் இலங்கை உரோமன்-டச்சுச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. அதன்படி வைத்தியச் செலவு, இழந்த வருமானம் போன்ற கணக்கிடக்கூடிய இழப்புக்கும், பட்ட வேதனைக்கும், பலர் முன்னிலையில் அடித்து அவமானப்படுத்தியமைக்கும் நட்டஈடு கேட்கலாம். வேலையாள் தன் வேலையின் போக்கில் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பாவார் என்பது நிலைபெற்ற விதி. பார்சலுக்குரிய பணத்தை அறவிடும்போது எழுந்த சண்டையில் விழுந்த அடி வேலையோடு நெருங்கிய தொடர்புடையது என்று வாதிட இடமிருக்கிறது. அதே ஆள் இரண்டு வாரம் கழித்து நகரத்தில் கண்ட இடத்தில் அடித்தால் அது அவருடைய சொந்தப் பகை; நிறுவனத்தை அதில் இழுப்பது கடினம்.

நிறுவனம் சொல்லக்கூடிய முதல் பதில், "அவர் எங்கள் ஊழியர் அல்லர், ஒப்பந்த அடிப்படையில் பார்சலுக்கு இவ்வளவு என்று ஓடுபவர்" என்பதாக இருக்கும். சுயாதீன ஒப்பந்தக்காரரின் தவறுக்கு வேலை கொடுத்தவர் பொதுவாகப் பொறுப்பாவதில்லை என்பதால் இது பலமான பதில். ஆனால் சீருடை கொடுத்தது யார், பாதையையும் நேரத்தையும் தீர்மானித்தது யார், விலக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவற்றை நீதிமன்றம் பார்க்கும். ஒப்பந்தத்தில் எழுதிய பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காது. என் கருத்தில், வழக்குப் போடுவதாயின் ஓட்டுநரையும் நிறுவனத்தையும் சேர்த்தே பிரதிவாதிகளாக்கலாமா என்று சட்டத்தரணியிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

வழக்குக்குப் போகாவிட்டாலும் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியே ஆக வேண்டும். தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும். பார்சல் இலக்கம், திகதி, நேரம், பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்து, அன்றைய விநியோகப் பதிவுகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பொருள் பழுதாயிருந்தால் அல்லது வேறு பொருள் வந்திருந்தால் அதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் தனியாக முறையிட வேண்டும். அடிதடி அவர்களுக்குரிய விடயம் அல்ல.

நட்டஈட்டு வழக்கில் கால எல்லையை மறக்கக் கூடாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே அந்த இரண்டு ஆண்டுகளையும் இழக்க நேரிடலாம். குடியியல் வழக்கு நீண்டகாலம் இழுக்கும், செலவும் பிடிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. சில நாட்களில் ஆறும் காயத்துக்கு அது பொருந்தாது; மத்தியஸ்த சபையும் நீதவானின் நட்டஈட்டுக் கட்டளையுமே அங்கே போதுமானவை. வாழ்நாள் முழுவதும் கை தூக்க முடியாமற் போனவருக்கு அது வேறு கணக்கு.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் நிலையங்கள் பெரும்பாலும் நீதிமன்ற வளாகங்களிலோ அவற்றுக்கு அருகிலோ இயங்குகின்றன; வருமானம் குறைந்தவருக்கு ஆலோசனை இலவசம், தகுதியிருந்தால் வழக்கும் நடத்தித் தருவார்கள். அங்கே போகும்போது தேசிய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, டயக்னோசிஸ் காட், பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம், மத்தியஸ்த சபைக் கடிதம் ஏதும் வந்திருந்தால் அது, பார்சலின் மேலுறை, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான செக்ரோல் விபரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போனால், சட்டத்தரணி முதல் நாளிலேயே எந்த வழி பொருந்தும் என்று சொல்லிவிட முடியும். செக்ரோல் விபரத்தைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். கொடுக்கத் தயங்கினால் உங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியையும் கூட்டிக்கொண்டு போகலாம்.